கேட்காமலே கிடைத்த அனுமதி

2024 மாசி மாதம். ஈரோட்டுக்குப் புது மஞ்சள் வரத் தொடங்கியிருந்த நேரம். பெரியப்பா போன் செய்தார்.

"ஏங்கண்ணு, உன்ற ஆப்பு புதுப் போன்ல ஏறமாட்டேங்குது. கடைக்காரப் பையன் எல்லாத்தையும் மாத்திக் குடுத்துட்டான். இது ஒண்ணு மட்டும் வரல. இந்தப் போனுக்கு ஒத்துவராதுன்னு சொல்லுது. பழுது போன்லயா, ஆப்புலயா?"

அவர் மஞ்சள் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். கல்லூரி முடித்துக் கோவையில் வேலைக்குச் சேர்ந்த 2013-இல், அவருக்காக ஒரு சின்னச் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். விவசாயியின் பெயர், மூட்டை எண்ணிக்கை, விரலியா கிழங்கா, எடை, விலை, கொடுத்த முன்பணம் இவ்வளவும் பதிந்தால் பாக்கித் தொகையைச் சொல்லும். ஒரு பொத்தானைத் தொட்டால் அந்த விவசாயிக்குக் குறுஞ்செய்தி போகும். நான் முழுசாக எழுதி முடித்த முதல் செயலி அதுதான். பதினோரு வருடம், மூன்று போன் மாறியும் பெரியப்பா அதை விடவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய கோப்பைப் புதுப் போனில் ஏற்றிக்கொள்வார். கடைசியாக 2019-இல் ஏற்றியபோது என்ன வந்தது என்று கேட்டேன். "மொத நாளு இங்கிலீஷ்ல என்னமோ வந்துச்சு, ஓகே அமுக்கினேன், வேலை செஞ்சுது" என்றார்.

அந்த இங்கிலீஷ் வரி என்னவென்று எனக்குத் தெரியும். இந்தச் செயலி ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புக்காகச் செய்யப்பட்டது, சரியாக இயங்காமல் போகலாம் என்பதுதான் அது. அந்த எச்சரிக்கையை உண்டாக்கிய எண்ணை எழுதியவன் நான்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து அந்த நிரலைத் திறந்தேன். எல்லா ஆண்ட்ராய்டு செயலிக்கும் ஓர் அறிமுகக் கோப்பு உண்டு. செயலியின் பெயர் என்ன, அதற்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்று போனுக்குச் சொல்வது அந்தக் கோப்பு. அதில் 'டார்கெட்' என்று ஒரு வரி இருக்கும். என் கோப்பில் அந்த வரியில் இருந்த எண் 16.

ஆண்ட்ராய்டுக்கு நாம் சொல்லும் பதிப்புப் பெயர் ஒன்று, உள்ளே ஓடும் வரிசை எண் ஒன்று. 4.1 என்றால் 16. ஆறு என்றால் 23. ஒன்பது என்றால் 28. பெரியப்பா வாங்கிய புதுப் போனில் இருந்த ஆண்ட்ராய்டு 14-க்கு 34. செயலியை எழுதுபவர் இந்த எண்களில் ஒன்றைக் குறித்து, 'இந்தப் பதிப்பின் விதிகளுக்கு உட்பட்டு என் செயலியைச் சோதித்திருக்கிறேன்' என்று போனுக்கு உறுதி சொல்கிறார். போனும் அதை நம்பி, அந்தப் பதிப்பின் விதிப்படியே அந்தச் செயலியை நடத்துகிறது. ஏற்பாடு நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டதுதான். இல்லாவிட்டால் ஒவ்வொரு வருடமும் புதுப் பதிப்பு வரும்போது நேற்றுவரை ஓடிய செயலிகள் பாதி நின்றுபோகும்.

ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். வீட்டுக்காரர் வாசலுக்குப் புதுப் பூட்டு போடுகிறார், இரவு பத்து மணிக்கு மேல் கேட்டைத் திறக்கக் கூடாது என்கிறார். மாடியில் ஒரு குடித்தனம் மட்டும் பழைய ஒப்பந்தத்தைக் காட்டி, 'இதெல்லாம் எங்களுக்குப் பொருந்தாது' என்கிறது. கேட் அவர்களுக்காகத் திறந்தே கிடக்கிறது. பழைய எண்ணோடு இருக்கும் செயலியும் அப்படித்தான். போனை இன்று காலைதான் புதுப்பித்திருந்தாலும், அதில் வந்த பல புதுக் காவல்கள் அந்தச் செயலிக்குப் பொருந்தாது. 'நான் அப்டேட் எல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன்' என்று என்னிடம் சொல்பவர்கள் நிறைய. அவர்கள் அறியாத இடம் இதுதான்.

காவல்களில் பெரியது 2015-இல் வந்தது. அதற்கு முன் ஒரு செயலியை நிறுவும்போது அது கேட்கும் அனுமதிகள் மொத்தமாக ஒரு பட்டியலாக வரும். சம்மதம் என்றால் உள்ளே வா, இல்லையென்றால் போ. தொடர்புப் பட்டியல், குறுஞ்செய்தி, இருக்குமிடம், மைக் என எல்லாம் ஒரே தொடுதலில் போய்விடும். ஆண்ட்ராய்டு ஆறில் இது மாறியது. குறுஞ்செய்தியைப் படிக்க வேண்டிய நேரத்தில் செயலி கேட்கும், நாம் தரலாம், மறுக்கலாம். இந்த மாற்றம் 23 என்ற எண்ணோடு வந்தது. 22 அல்லது அதற்கும் கீழே எண்ணைக் குறித்த செயலிக்குப் பழைய முறைதான். ஆண்ட்ராய்டு ஆறு உள்ள போனில் ஏறினாலும், நிறுவும்போதே எல்லாம் கிடைத்துவிடும்.

இந்த 22 என்ற எண்ணோடு எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2017-இல் ஒரு நிதி நிறுவனத்துக்குச் செயலி செய்து கொடுத்தேன். தவணை வசூலிக்கப் போகும் ஊழியர்களின் போனுக்கானது. இருக்குமிடம் வேண்டும், தொடர்புப் பட்டியல் வேண்டும், குறுஞ்செய்தி வேண்டும் என்றார்கள். நான் முறைப்படி 25 போட்டு, ஒவ்வொன்றையும் கேட்கும்படி எழுதியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து மேலாளர் கூப்பிட்டார். "தம்பி, பசங்க வேண்டாம்னு அமுக்கிடறாங்க. அப்புறம் ஆப் ஓடலைன்னு ஆபீசுக்குப் போன் பண்றாங்க. இந்தக் கேள்வியெல்லாம் வராத மாதிரி பண்ணிக் கொடுங்க."

வழி எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு வரியில் 25-ஐ 22 ஆக்கினால் போதும். ஆக்கினேன். ஆறு மாதத்தில் திரும்ப மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல ஊழியர்களுக்கு இருந்த எளிய வழியை அந்த ஒரு வரி அடைத்தது. தன் மனைவியின் எண், அம்மாவின் எண், வங்கியிலிருந்து வரும் ஓடிபி, ஞாயிற்றுக்கிழமை தான் எங்கே இருக்கிறேன் என்பது, எதைப் பற்றியும் அந்தப் பையன்களிடம் யாரும் தனியாகக் கேட்கவில்லை. சில மாதங்களில் அந்த வேலையிலிருந்து விலகினேன். எண்ணை மாற்றாமலே விலகினேன்.

அதற்குள் கூகுள் விழித்துக்கொண்டிருந்தது. பிளே ஸ்டோரில் 2018 ஆகஸ்டிலிருந்து புதுச் செயலிகள் குறைந்தது 26 குறித்திருக்க வேண்டும், நவம்பரிலிருந்து பழைய செயலிகளின் புதுப்பிப்புகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதன்பின் ஏறக்குறைய ஆண்டுதோறும் அந்த எண்ணை உயர்த்திக்கொண்டே வருகிறார்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் 34. 2025-இல் 35. நான் விலகிவந்த அந்த நிறுவனம் என்ன செய்தது என்று பழைய சக ஊழியர் ஒருவர் பின்னால் சொன்னார். பிளே ஸ்டோரை விட்டுவிட்டு, செயலியை நேராக நிறுவ உதவும் ஏபிகே கோப்பை வாட்ஸப் குழுவில் அனுப்பத் தொடங்கிவிட்டார்களாம். கடைக்கு விதி இருந்தது, கைமாறிப் போகும் கோப்புக்கு இல்லை.

அந்த இடைவெளியை அடைக்கத் தொடங்கியது 2023 அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்டு 14. எண் 23-க்குக் கீழே இருந்தால், எங்கிருந்து வந்த கோப்பானாலும் போன் அதை நிறுவ மறுக்கும். அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 15-இல் அந்த எல்லை 24 ஆனது. ஏன் என்பதைக் கூகுள் தன் ஆவணத்திலேயே எழுதியது. தீங்கு செய்யும் செயலிகள் சில, அனுமதி கேட்கும் முறையிலிருந்து தப்புவதற்காகவே வேண்டுமென்று 22-ஐக் குறிக்கின்றன என்பதுதான் காரணம். அந்த வரியைப் படித்த அன்று மேற்கொண்டு எனக்கு வேலை ஓடவில்லை. திருடன் போட்ட எண்ணும் நான் போட்ட எண்ணும் ஒன்றாக இருந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாக நிறுவுவதைத்தான் ஆண்ட்ராய்டு 14 தடுக்கிறது. முன்பே நிறுவியிருந்து, போன் 14-க்கு உயர்ந்தால், அந்தச் செயலி அங்கேயே இருக்கும். எத்தனையோ பேர் கையில் இன்னும் பழைய பதிப்புப் போன்கள் இருக்கின்றன. அவற்றில் இந்த எல்லையே கிடையாது.

பெரியப்பாவின் செயலிக்கு வருகிறேன். அதை எழுதியவனுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருந்ததில்லை. ஆனாலும் அந்த நிரலைப் படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது.

செயலி தன் தரவை இன்னொரு செயலிக்குக் கொடுக்க ஒரு வாசல் வைத்துக்கொள்ளலாம். ஏதோ ஒரு பாடத்தைப் பார்த்து நானும் ஒன்று வைத்திருந்தேன். அதைத் திறந்து வைக்கவா, மூடி வைக்கவா என்று எழுதவில்லை. எண் 17-இலிருந்து விதி, எழுதாவிட்டால் மூடியது என்று பொருள். 16 வரை, எழுதாவிட்டால் திறந்தது என்று பொருள். என் எண் 16. ஆக, பெரியப்பாவின் போனில் இருந்த எந்தச் செயலியும், அவருடைய பேரன் இறக்கிய ஏதோ ஒரு விளையாட்டும்கூட, அவருடைய பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கலாம். படித்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

அடுத்தது தினசரி நகல். போன் தொலைந்தால் கணக்கு போய்விடுமே என்று, ராத்திரி இரண்டு மணிக்கு முழுக் கணக்கையும் ஒரு சர்வருக்கு அனுப்பும்படி எழுதியிருந்தேன். அனுப்பியது பூட்டில்லாத எச்டிடிபி வழியில். அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவது மாதிரிதான், அதே வைஃபையில் இருக்கும் தெரிந்த ஆள் யாரும் படிக்கலாம். 28-ஐக் குறித்த செயலியாக இருந்திருந்தால் ஆண்ட்ராய்டு ஒன்பது இதைத் தானாகவே தடுத்திருக்கும். என்னுடையதைத் தடுக்கவில்லை. பின்னணியில் சும்மா ஓடும் செயலிகளுக்கு ஆண்ட்ராய்டு எட்டில் கட்டுப்பாடு வந்தது. அதுவும் 26 அல்லது அதற்கு மேல் குறித்தவர்களுக்கு. என்னுடையதற்கு இல்லை.

2016-இல் அந்தச் சர்வரை மூடிவிட்டேன், இணைய முகவரியையும் புதுப்பிக்கவில்லை. செயலிக்கு அது தெரியாது. எட்டு வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் அந்த முகவரியைத் தேடித் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெயரை யாராவது சில நூறு ரூபாய்க்கு வாங்கியிருந்தால், கோபிசெட்டிபாளையம் பக்கத்து விவசாயிகளின் பெயர், போன் எண், யாருக்கு எவ்வளவு முன்பணம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எல்லாம் அவர் மேசைக்குத் தினமும் போய்ச் சேர்ந்திருக்கும். உடனே பார்த்தேன். முகவரி இன்னும் யாரும் வாங்காமல்தான் கிடந்தது. அன்று மாலையே நான் வாங்கினேன். எதற்கும் பயன்படாத அந்தப் பெயருக்கு இன்றுவரை வருடாவருடம் பணம் கட்டுகிறேன்.

கணக்கின் இன்னொரு பிரதி போனின் பொதுச் சேமிப்பில் ஒரு கோப்பாக இருந்தது. சேமிப்பு அனுமதி வாங்கிய எந்தச் செயலியும் எடுக்கலாம். ஆண்ட்ராய்டு 10-இல் தொடங்கி 11-இல் உறுதியான புதுச் சேமிப்பு முறை இதைத்தான் சரிசெய்தது. அதன்படி ஒரு செயலி தன் அறைக்குள் வைத்ததை மற்றது தொட முடியாது.

இவ்வளவு தெரிந்தும் செயலி எழுதுபவர்கள் ஏன் எண்ணை உயர்த்துவதில்லை என்று கேட்பீர்கள். உயர்த்துவது ஒரு வரிதான். உயர்த்தியபின் புது விதிகள் அத்தனையும் ஒன்றாக வந்து விழும். 26-க்குப் போனால் அறிவிப்புகளுக்கென்று தனி வகை ஏற்படுத்தாவிட்டால் அவை காட்டப்படாது. 31-இல் அறிமுகக் கோப்பில் எழுத வேண்டிய ஒன்றை விட்டுவிட்டால் செயலியை நிறுவவே முடியாது. 33-இல் அறிவிப்பு காட்டவே அனுமதி கேட்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் இதற்கென்று சில நாள்கள், சில வாரங்கள் போகும். புதிதாக எதுவும் சேர்வதில்லை, வாடிக்கையாளருக்குக் கண்ணில் தெரியும் மாற்றமும் இல்லை. இதற்குப் பணம் கேட்டால், 'ஓடுறதை ஏங்க தொடணும்' என்பார்கள்.

நேர்மையான காரணத்துக்காகப் பழைய எண்ணிலேயே நின்றவர்களும் உண்டு. டெர்மக்ஸ் என்று ஒரு செயலி, போனுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை இயக்க உதவுவது. நிரல் கற்கும் மாணவர்கள் பலர் அறிந்தது. செயலி தன் அறையில் இறக்கிவைத்த நிரல்கோப்பை அங்கிருந்தே இயக்கக் கூடாது என்று எண் 29 முதல் விதி வந்தது. பாதுகாப்புக்கு அது மிக நல்ல விதி. ஆனால் டெர்மக்ஸ் செய்யும் வேலையே அதுதான். அதனால் அதன் ஆசிரியர்கள் 28-இலேயே நின்று, 2020-இல் பிளே ஸ்டோரில் புதுப்பிப்பதை நிறுத்தி, எஃப்-டிராய்டு என்ற வேறு கடை வழியாகக் கொடுத்தார்கள். நிரலைத் திறந்து வைத்து, ஏன் என்பதையும் எழுதி வைத்தார்கள். எண் பழையது என்பதற்காகவே எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது.

ஒரு சாக்கை மட்டும் ஏற்க மாட்டேன். 'எங்கள் வாடிக்கையாளர்களிடம் பழைய போன்கள்தான் இருக்கின்றன, அவர்களுக்காகத்தான் எண்ணை உயர்த்தவில்லை' என்பது அது. பெரிய இடங்களில் இருப்பவர்கள்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது தவறு. எந்தப் பதிப்புக்குக் கீழே ஓடாது என்று சொல்ல அதே கோப்பில் வேறொரு எண் இருக்கிறது. அதைக் கீழேயே வைத்துக்கொண்டு டார்கெட்டை மட்டும் மேலே கொண்டுபோகலாம். பழைய போனிலும் ஓடும், புதுப் போனில் புதுக் காவலுக்கும் உட்படும். ஏழைகளின் போனைக் காரணம் காட்டி ஏழைகளின் காவலை எடுத்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஐபோன் பக்கம் பழைய செயலிகளுக்கு இவ்வளவு பொறுமை காட்டவில்லை. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் என்ற பழைய வகைச் செயலிகள் மொத்தமாக நின்றுபோயின. புதுப்பிக்க ஆள் இல்லாத எத்தனையோ விளையாட்டுகள் அன்றோடு போயின. ஆண்ட்ராய்டிலும் 2022-இல் வந்த பிக்சல் 7 போனில் 32 பிட் மட்டும் உள்ள செயலிகள் ஏறாது.

படிக்கிறவர்கள் செய்யக்கூடியது என்ன? டார்கெட் எண் போனின் அமைப்புகளில் தெரியாது. பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தில் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற தேதி தெரியும். மூன்று, நான்கு வருடம் முந்தைய தேதி என்றால் எண்ணும் பழசாகத்தான் இருக்கும். பணம், மருத்துவம், அடையாள அட்டை சம்பந்தப்பட்ட எதையும் அதில் வைக்காதீர்கள். பழைய பதிப்புக்கானது என்று போன் எச்சரித்தால் ஓகே அமுக்குவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அமைப்புகளில் அனுமதிப் பக்கத்துக்குப் போய், பழைய செயலிகளிடமிருந்தும் குறுஞ்செய்தி, தொடர்பு அனுமதிகளைப் பிடுங்கலாம். சில அப்போது தடுமாறும், தடுமாறட்டும். பல மாதம் தொடாத செயலியின் அனுமதியைப் போனே ரத்து செய்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். 30-க்குக் கீழே குறித்தவற்றுக்கு அது தானாக நடப்பதில்லை.

வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ, போக்குவரத்து அபராதச் சீட்டு என்றோ ஏபிகே கோப்பு வந்தால் தொடவே கூடாது. பத்திரிகை படமாக வரும், பிடிஎஃபாக வரும், ஏபிகேவாக வராது. தொட்டுப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். அலுவலகமே ஏபிகேயை அனுப்பி நிறுவச் சொன்னால், ஏன் பிளே ஸ்டோரில் இல்லை என்று கேளுங்கள். கேட்பது ஊழியரின் உரிமை.

அந்த நிதி நிறுவனத்திலிருந்து போன மார்கழியில் எனக்குப் போன் வந்தது. புது ஊழியர்களின் போனில் செயலி ஏறவில்லையாம், ஏதாவது வழி உண்டா என்றார்கள். ஒரு வழி உண்டு. கணினியில் கேபிள் மாட்டி, எல்லையைத் தாண்டச் சொல்லும் கட்டளை கொடுத்தால் ஏறும். சோதிப்பவர்களுக்காக வைத்த வழி அது. அதை அவர்களிடம் சொல்லவில்லை. எண்ணை உயர்த்தி, அனுமதி கேட்கும்படி எழுதித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.

பெரியப்பாவின் செயலியை முழுக்க மறுபடி எழுதினேன். பதினொரு நாள் ஆனது. விவசாயியின் எண்ணைத் தேர்ந்தெடுக்கத் தொடர்புப் பட்டியல் அனுமதி தேவையில்லை. போனே ஒரு பட்டியலைக் காட்டி, அவர் தொடும் ஒரு பெயரை மட்டும் செயலிக்குக் கொடுக்கும். குறுஞ்செய்தியையும் செயலி அனுப்புவதில்லை. எழுதித் தயாராக வைக்கும், அனுப்பு பொத்தானைப் பெரியப்பா தொடுவார். நகலை எங்கே வைப்பது என்று அவரே இடம் காட்டுகிறார். பழையது ஐந்து அனுமதிகளை எடுத்துக்கொண்டிருந்தது. புதியது ஒன்றே ஒன்று கேட்கிறது, வராத பாக்கியைக் காலையில் நினைவூட்டும் அறிவிப்புக்கு.

பங்குனியில் நேரில் போய் ஏற்றிக் கொடுத்தேன். மண்டியில் தராசுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் வந்த கேள்வியை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"அறிவிப்புகள் அனுப்ப அனுமதிக்கவா... ஏங்கண்ணு, இத்தன வருசமா இது என்னைய ஒண்ணுமே கேக்கலியே?"

"அப்பக் கேக்காம எடுத்துக்கற மாதிரி எழுதியிருந்தேன் பெரியப்பா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு 'வேண்டாம்' என்பதைத் தொட்டார்.

"பாக்கி எனக்கே ஞாபகம் இருக்கும்" என்றார். வாசலில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.